முப்பத்தோராவது நாள்

மருத்துவப் பாலிசி தொடங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் பதினொரு நாள் மிச்சம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சங்கமித்ரா அந்தக் கணக்கை வைத்துக்கொண்டிருக்கவில்லை. வைத்துக்கொண்டிருந்தது வேறொருத்தி.

அலுவலகத்தில் பத்து மணிக்குப் போன கரண்ட் பன்னிரண்டாகியும் வரவில்லை. ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிவாஜிநகரில் பஸ் பிடித்து, ஜோகுபாளையத்துச் சந்தில் தூறலோடு நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி ஒன்றரை. கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா தூங்குவாள் என்று நினைத்து ஓசைப்படாமல் உள்ளே போனாள்.

முத்தம்மா தூங்கவில்லை. சமையலறையில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையில் டம்ளர். அதில் பாலில் கரைத்த இட்லி. ஒரு ஸ்பூன் வாயில் வைப்பாள். கண்ணை மூடுவாள். தாடையைத் தூக்கி, உள்ளங்கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு காத்திருப்பாள். குதிகால் தரையை விட்டு எழும்பும். பிறகு மெல்ல இறங்கும். ஐந்தாவது ஸ்பூனுக்குக் குதிகால் இறங்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் குனிந்தாள். வாந்தி எடுக்கும் சத்தம் எதுவும் இல்லை. போனது போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் ஸ்பூனை எடுத்தாள்.

சங்கமித்ரா எண்ணிக்கொண்டு நின்றாள். ஏழு ஸ்பூன், இறங்கியது நான்கு. வேதியியல் படித்தவள்; மூன்று வருடம் பியூரெட்டில் சொட்டு எண்ணிப் பழகியவள். அந்த நேரத்தில் எண்ணுவதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு வரவில்லை.

அம்மாவின் தலைக்கு மேலே கேஸ் ஏஜென்சி கொடுத்த காலண்டர் தொங்கியது. சிலிண்டர் வந்த தேதிகளில் அம்மா பேனாவால் கோடு போட்டு வைப்பாள். ஜூலை இரண்டாம் தேதியைச் சுற்றி மட்டும் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது.

"மா."

முத்தம்மா திரும்பினாள். திடுக்கிடவில்லை. ஸ்பூனை மட்டும் முந்தானையில் துடைத்தாள்.

"இன்னாடி இந்நேரத்துல?"

"ஆபீஸ்ல கரண்ட் இல்ல." குழாயடிப் பக்கம் பார்த்தாள். "எத்தினி நாளா மா இப்டி?"

முத்தம்மா காலண்டரைப் பார்த்தாள்.

"இன்னும் பதினோரு நாளு," என்றாள்.

*

அந்த வீட்டில் முத்தம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவாள். கணவனுக்குப் போட்டு, மகளுக்குப் போட்டு, பாத்திரத்தை ஒழித்த பிறகு சமையலறை மூலையில் தட்டோடு உட்காருவாள். சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடைசியில் சாப்பிடுகிறவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டியைப் பார்த்தால்தான் தெரியும்; சட்டியைக் கழுவுகிறவளும் அவள்தான்.

இப்போது யோசித்தால் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வைகாசிப் பௌர்ணமிக்குப் புத்த விகாரையில் எல்லாரும் இலையில் உட்கார்ந்தபோது, "எனக்கு பாயசம் போதும், காலைல நாஷ்டா ஜாஸ்தியாயிடுச்சு," என்று டம்ளரோடு ஒதுங்கினாள். ரவிக்கைத் தோளில் ஊக்கு ஏறியது. பொறை பிஸ்கட்டை டீயில் அது கரையும்வரை விட்டு வைத்தாள். அப்பா கோவிந்தப்பாவின் கண்ணிலும் ஒன்று பட்டிருந்தது. சிவாஜிநகரில் மரச்சாமான் கடை ஒன்றுக்குப் பாலிஷ் போடும் மனிதர். ஸ்பிரிட் வாசனையோடு வருவார், வரும்போதே பேசிக்கொண்டு வருவார். "பாப்பா, உங்கம்மா ஸ்லிம்மாயிட்டா பாத்தியா? இனிமே இவள கூட்டினு வெளிய போனா நான்தான் கெழவனாத் தெரிவேன்," என்று சிரித்தார். முத்தம்மாவும் சிரித்தாள். சங்கமித்ராவும்.

அவர்கள் இருந்த வீடு லீசுக்கு எடுத்தது. வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இருப்பது, காலி பண்ணும்போது அதை அப்படியே வாங்கிக்கொள்வது. ஒன்றரை லட்சம். இருபது வருடப் பாலிஷ் வேலை முழுக்க அதில்தான் இருந்தது. வேறு எங்கேயும் எதுவும் இல்லை.

"உங்கப்பாகிட்ட சொல்லிடாத," என்றாள் முத்தம்மா அன்று மாலை, அவர் வருவதற்கு முன்பு. "சொன்னா அந்த மனுசன் நேரா வீட்டுக்காரர்கிட்ட லீஸ் பணத்துக்கு ஓடும். அப்புறம் நாம மூணு பேரும் எங்க போறது? அல்சூர் ஏரிக்கரைக்கா?"

"அதுக்குன்னு இப்டியே இருப்பியா?"

"பதினோரு நாளுடி. நீதான சொன்ன, முப்பது நாளு தாண்டணும்னு."

ஆமாம். அவள்தான் சொன்னாள். எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள்.

*

சங்கமித்ராவின் அலுவலகம் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவில் நின்ற ஓர் அலுவலகம். தனியார் கம்பெனிகள் வந்த பிறகு இப்படி நாலைந்து முளைத்திருந்தன. யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் காகிதங்கள் அங்கே வரும்; பணம் கொடுக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வார்கள். பி.எஸ்ஸி. படித்த பெண்களை வரிசையாக உட்கார்த்தியிருந்தார்கள். அவளுடைய வேலை தேதி தேடுவது.

பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குக் கம்பெனி கொடுக்காது. இருந்தது தெரியாது என்றாலும் கொடுக்காது. பாலிசி எடுத்த முதல் முப்பது நாளில் தொடங்கிய நோய்க்கும் கொடுக்காது. முப்பத்தோராவது நாள் தொடங்கினால் கொடுக்கும். ஆகவே நோய் எப்போது தொடங்கியது என்பதுதான் எல்லாமே. அது எங்கே இருக்கும் என்றால், முதலில் பார்த்த டாக்டரின் கேஸ் ஷீட்டில் முதல் வரியில் இருக்கும். டாக்டர்கள் அதைச் சுருக்கி எழுதுவார்கள். கீழே ஏழு போட்டால் நாள், பன்னிரண்டு போட்டால் மாதம். 3/7 என்றால் மூன்று நாளாக. 6/12 என்றால் ஆறு மாதமாக. அதை அவள் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பிவிட வேண்டும்.

வெளியில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூடச் சத்தமாகச் சொல்ல மாட்டாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பாள். ஆனால் வேலையில் சேர்ந்ததிலிருந்து இரவுச் சாப்பாட்டில் அவள்தான் பேசினாள். முதல் சம்பளத்தில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்த நாள் தொடங்கிய வழக்கம் அது. பெயர் சொல்லாமல், ஊரை மட்டும் சொல்லி, அன்றைக்குப் பார்த்த காகிதங்களைக் கதையாகச் சொல்வாள். அப்பா தட்டில் கை வைத்தபடி கேட்பார். அம்மா பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

தும்கூர்க்காரர் ஒருவர். பாலிசி எடுத்து ஏழு மாதம். நெஞ்சுவலி என்று போனவர், டாக்டர் கேட்காமலேயே, "போன சிவராத்திரியிலேருந்தே லேசா வலி உண்டு," என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் 11/12 என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்கு ஆப்பரேஷன் செலவு மொத்தமும் போயிற்று.

"வாய வெச்சினு சும்மா இருந்திருக்கலாம்ல," என்று அப்பா சிரித்தார். "சிவராத்திரிய இவரு எதுக்கு இழுத்தாரு?"

"அப்புறம் மாத்திச் சொல்ல முடியாதா?" என்று அம்மா கேட்டாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"முடியாதுமா. மொதல்ல சொல்றதுதான். அப்புறம் என்ன சொன்னாலும் பணத்துக்காக மாத்துறாங்கன்னு வெச்சுப்பாங்க."

"மொதல்ல சொல்றதுதான்," என்று அம்மா தலையாட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளை பாடத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏப்ரலில் அப்பா, "நமக்கும் ஒண்ணு எடுத்துருவோம் பாப்பா," என்றார். சங்கமித்ரா கல்லூரி ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த தாளில் மூன்று பத்தி கோடு போட்டாள். அரசாங்கக் கம்பெனி பாலிசி ஒன்று: பிரீமியம் குறைவு, ஆனால் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கவேண்டும். தனியார் ஒன்று: கார்டைக் காட்டினால் ஆஸ்பத்திரியே கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று வேறு மாதிரி: ஆஸ்பத்திரிச் செலவுக்கு இல்லை; புற்று, சிறுநீரகம், இதயம் என்று பத்துப் பெரிய நோயில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே மொத்தமாக ஒரு தொகை கையில் வரும். அறை வாடகை எவ்வளவு வரை, எந்தெந்த ஆஸ்பத்திரி, முதல் வருடம் எதற்குக் கிடையாது என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள்.

"மொத்தமா குடுக்கறது நல்லால்ல?" என்றார் அப்பா.

எந்தக் காகித விஷயத்திலும் தலையிடாத முத்தம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். "அதுல எத்தினி நாளு பொறுக்கணும்?"

"தொண்ணூறு நாள்மா."

"மத்ததுல?"

"முப்பது."

"அப்ப முப்பதே எடு," என்றாள். "தொண்ணூறு வேணாம்."

சிலிண்டருக்குக் காத்திருந்து அலுத்தவள், அதனால் சொல்கிறாள் என்று சங்கமித்ரா நினைத்துக்கொண்டாள். கார்டு பாலிசியையே எடுத்தார்கள். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பரிசோதனை உண்டு: ஈ.சி.ஜி., சர்க்கரை, சிறுநீர். ஐம்பத்தொரு வயது முத்தம்மாவுக்கு எல்லாம் சுத்தமாக வந்தது. எடை நாற்பத்தெட்டு. தொண்டைக்குள் யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை சங்கமித்ராதான் நிரப்பினாள். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டாள். ரத்தக் கொதிப்பு உண்டா? இல்ல. ஆஸ்துமா? இல்ல. கட்டி, வீக்கம்? இல்ல. இப்போது ஏதாவது தொந்தரவு இருக்கிறதா? முத்தம்மா, "இரு, பால் பொங்குது," என்று எழுந்து போனாள். திரும்பி வந்து, "இல்லன்னு போடு," என்றாள். மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்ற வரிக்குக் கீழே சங்கமித்ரா கையெழுத்துப் போட்டாள்.

அன்று பால் அடுப்பில் இருந்ததா என்று இப்போது அவளுக்கு நினைவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை, பாவாடைத் துணி வாங்கவேண்டும் என்று சொல்லி அம்மாவை சிவாஜிநகர் கூட்டிப்போனாள். பஸ் ஸ்டாண்டில் விளக்கு மினுக்கும் எடை மெஷின் ஒன்று உண்டு. காசு போட்டால் அட்டை விழும். "எதுக்குடி இதெல்லாம்?" என்றபடியே முத்தம்மா ஏறினாள். அட்டை விழுந்தது. நாற்பத்து நான்கு. பின்பக்கம் கன்னடத்தில் பலன் அச்சடித்திருந்தது. முத்தம்மா கன்னடம் சரளமாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"இன்னா போட்டுருக்குது?"

"பொறுமைக்குப் பலன் உண்டாம்."

"பாரு," என்றாள் முத்தம்மா, நிஜமாகவே சந்தோஷப்பட்டு. அட்டையை வாங்கி மணிபர்சில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சங்கமித்ரா அலுவலகத்தில் ரெமிஜியஸின் மேசைக்குப் போய் நின்றாள். அவர் இருபது வருடம் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். கஷ்டமான கேஸ் ஷீட்களெல்லாம் அவரிடம்தான் போகும்.

"ரெமி சார், ஒரு சந்தேகம்."

"கேளும்மா. நீயா வாயத் தொறந்திருக்க. எல்லாருக்கும் ஸ்வீட் குடுக்கணும் இன்னிக்கு."

"கெட்டியா எதுவும் எறங்கல. இட்லியே பால்ல கரைச்சாதான். அதுலயும் பாதி திரும்பி வந்துடுது."

"கிளெய்மா?"

"இல்ல. பக்கத்து வீட்டுல ஒருத்தங்க. அம்பத்தொரு வயசு."

ரெமிஜியஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மொதல்ல சோறு நிக்கும். அப்புறம் இட்லி. அப்புறம் கஞ்சி. கடைசில தண்ணி. இந்த வரிசைதான். உங்க பக்கத்து வீடு இட்லிகிட்ட வந்தாச்சா?"

"ம்."

"அப்ப உள்ள கேமரா விட்டுப் பாக்கச் சொல்லு. நாளைக்கே. வெய்ட் பண்ற சங்கதியா இது?"

"பாலிசி எடுத்து இன்னும் முப்பது நாள் ஆகல சார்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"முப்பது நாள்னு கம்பெனிக்காரன் வெச்சான் மித்ரா. உள்ள இருக்கறதுக்கு அத யாரு போய்ச் சொல்றது?" என்றார். பிறகு முன்னாலிருந்த காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தி, "இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. சொன்னா நான் கேட்டவன் ஆயிடுவேன்," என்றார்.

அன்று சாயங்காலம் அவள் ரெக்கார்டு நோட்டில் கோடில்லாத பக்கத்தில் இரண்டு பத்தி போட்டாள். பொறுத்தால் என்று ஒன்று. பொறுக்காவிட்டால் என்று ஒன்று. பொறுத்தால் என்பதன் கீழே இரண்டு லட்சம் வரை கம்பெனி என்று எழுதினாள். மற்றதன் கீழே லீஸ் என்று எழுதினாள். இரண்டாவது வரிக்கு அப்பாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும் என்று எழுதினாள். மூன்றாவது வரிக்குப் பேனா ஓடவில்லை. இந்த ஒன்பது நாளில் உள்ளே இருப்பது எவ்வளவு வளரும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது என்றுதான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோட்டை மூடினாள். அடுத்த நாள் அலுவலகம் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அம்மாவைக் கூட்டிப்போக வேண்டிய ஒவ்வொரு நாளும் போனாள். பிறகு எத்தனையோ தடவை யோசித்தபோதும் அந்த நாட்களுக்கு அவளிடம் ஒரு காரணம்தான் இருந்தது: அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாம் நாள் ராகிக் கஞ்சி நின்றது. முத்தம்மா அதை வேட்டித் துணியில் வடிகட்டி, அடியில் இறங்கிய தெளிவை மட்டும் குடித்தாள். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. கூடத்தில் அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே போலாம் மா," என்றாள் சங்கமித்ரா, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்.

"நாலு நாளுக்கா?"

"எதுவும் எறங்கலயேமா."

"தண்ணி எறங்குதில்ல?" முத்தம்மா துணியைப் பிழிந்தாள். அவள் கை சிறுத்து, கண்ணாடி வளையல் முழங்கைவரை ஓடியது. "இத்தினி நாளு பல்லக் கடிச்சினு இருந்தது சும்மனேவா? நாலு நாளு முன்னாடி போய் அவன் எழுதிட்டான்னா எல்லாம் போச்சுன்னு நீதான சொன்ன?"

"நான் வேற யாரோ கதையச் சொன்னேன்."

"எனக்குன்னு தனியாவா ஒரு சட்டம் வெச்சிருக்கான்?"

சட்டம் ஒன்றுதான், அது சங்கமித்ராவுக்கு மனப்பாடம்.

*

ஜூலை இரண்டாம் தேதி, புதன்கிழமை. முப்பத்தோராவது நாள்.

முத்தம்மா விடியும் முன்பே குளித்துவிட்டாள். உள்ளே இரண்டு பாவாடை கட்டி, மேலே கஞ்சி போட்ட காட்டன் சேலையை விறைப்பாகச் சுற்றி, அதற்கும் மேலே முழுக்கைச் சுவெட்டர் போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று பார்த்து, சுவெட்டரின் மேல் பொத்தானையும் போட்டாள். எட்ட நின்று பார்த்தால் உடம்புள்ள பெண்பிள்ளைபோலத்தான் இருந்தாள். முகத்தை மட்டும் மூட வழியில்லை.

கோவிந்தப்பாவிடம் முந்தின நாள்தான் சொல்லப்பட்டது. தொண்டை கொஞ்சம் வலிக்கிறது, கார்டு இருக்கிறதே, சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று. அவர் அரை நாள் லீவு போட்டு வந்தார். ஆட்டோவில், "பாத்தியா, கார்டு வந்ததும் நோவும் வந்துடுச்சு. புதுச் செருப்பு வாங்கினா கால் கடிக்கற மாதிரி," என்று சொல்லிச் சிரித்தார். நடுவில் உட்கார்ந்திருந்த முத்தம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சங்கமித்ரா காதைக் கிட்டே கொண்டுபோனாள். அம்மா கன்னடத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்டு செல்லும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இருந்த ஒன்று அது. வராந்தாவில் நர்ஸ் எடை பார்த்தாள்: நாற்பத்து மூன்று, சுவெட்டரோடும் செருப்போடும். உள்ளே டாக்டருக்கு அவசரம். வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏனு தொந்தரே?"

"நுங்குவாக ஸ்வல்ப நோவு சார்," என்றாள் முத்தம்மா. விழுங்கும்போது கொஞ்சம் வலி.

"எஷ்டு தினா ஆயித்து?"

"எரடு தினா." இரண்டு நாள்.

ஒரு தடுமாற்றம் இல்லை. ஆட்டோவில் சொல்லிப் பார்த்த வாக்கியம் அவ்வளவு அழகாக வந்தது. டாக்டர் குனிந்து எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகத் தெரிந்தாலும் சங்கமித்ராவுக்கு அது பழகிய எழுத்து. 2/7.

"வெய்ட் கம்மியாயித்தா?"

"இல்லா சார். நான் எப்பவுமே இப்டித்தான்."

"தண்ணி எறங்குதா?" என்று தமிழுக்கு மாறினார் டாக்டர்.

"நல்லா எறங்குது."

"தொண்டை செவந்திருக்கு. இன்ஃபெக்ஷன். ரெண்டு நாள்தானே, இதுக்கெல்லாம் டெஸ்ட் எதுக்கு? மாத்திரை எழுதறேன், உப்புத் தண்ணில கொப்பளிங்க. மழைக் காலம்ல, ஊருக்கே இருக்கு." எழுதிக்கொண்டே போனார். "ஒரு மாசம் பாக்கலாம். அதுக்கப்புறமும் இருந்தா வாங்க."

முத்தம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சங்கமித்ராவுக்கு அது புரிந்தது. அம்மாவைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. எழுத வேண்டியதை எழுதியாயிற்று. முதலில் சொல்வதுதான், இனி யாராலும் மாற்ற முடியாது. ஒரு மாதம் கழித்து வந்தால் கேமரா விட்டுப் பார்ப்பார்கள், கம்பெனி கொடுக்கும், லீஸ் பணம் வீட்டுக்காரரிடமே இருக்கும். இன்னும் ஒரு மாதம். எண்ணுவதற்கு அம்மாவுக்குத் தெரியும்.

சோறு, இட்லி, கஞ்சி. மிச்சமிருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

"அவ்ளோதானா டாக்டர்? நான் இன்னமோன்னு பயந்துட்டேன்," என்று கோவிந்தப்பா எழுந்து கும்பிட்டார். முத்தம்மாவும் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சங்கமித்ரா எழுந்திருக்கவில்லை.

"வா பாப்பா, ஆளுங்க நிக்கறாங்க," என்றார் அப்பா.

அவளுக்குப் பஸ்ஸில் இறங்கும் இடம் வந்து, சொல்ல வாய் வராமல், கண்ணெதிரே ஸ்டாப் கடந்துபோகுமே, அதுபோல இருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் இல்ல, டாக்டர்."

சொன்னது தனக்கே கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னாள். அது அறை முழுக்கக் கேட்டது.

"ஏய்." முத்தம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். எலும்பு எலும்பில் பட்டது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். சின்னப் பொண்ணு."

"கெட்டியா எதுவும் எறங்கறதில்ல. இட்லிய பால்ல கரைச்சுக் குடிச்சாங்க, இப்ப அதுவும் இல்ல. மே மாசம் நாப்பத்தெட்டு கிலோ இருந்தாங்க. ரெண்டு பாவாட கட்டியிருக்காங்க, டாக்டர்."

கோவிந்தப்பா மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இன்னா பாப்பா சொல்ற? இன்னா முத்து இது?"

டாக்டர் மூடிவைத்த பேனாவைத் திறந்தார். முத்தம்மாவின் கையிலிருந்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உட்காருங்க அம்மா. எத்தன நாளா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் சங்கமித்ரா. "நான் பாத்து பன்னண்டு நாள். அதுக்கு முன்னாடி எவ்ளோ நாள்னு அவங்கதான் சொல்லணும்." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "சொல்லும்மா. அத எழுதலன்னா இவருக்கு எதுவும் தெரியாது. மாத்திரைதான் குடுப்பாரு."

"எழுதிட்டா?"

"போவட்டும்."

"போவட்டுமா?" முத்தம்மா கேட்டாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போலக் கேட்டாள். "அப்ப இந்த முப்பது நாளு?"

சங்கமித்ரா அம்மாவின் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள்.

முத்தம்மா உட்கார்ந்தாள். சுவெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினாள், அதற்கடுத்ததையும் கழற்றினாள். கழுத்துக் குழி தெரிந்தது. டாக்டரைப் பார்க்கவில்லை. கணவனையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, கன்னடம் இல்லாமல், வீட்டில் பேசுகிற பேச்சில் சொன்னாள்.

"நீ மொத சம்பளம் வாங்கியாந்த அன்னிக்கு, சிவாஜிநகர் பிரியாணி. உங்களுக்கெல்லாம் போட்டுட்டு கடைசில உக்காந்தேன். ஒரு துண்டு நெஞ்சுல நின்னுச்சு. அன்னிலேருந்துதான். எட்டு மாசமாச்சு."